வெள்ளிக்கிழமை மியூசியம் விடுமுறை

ஊரில் இருப்பவன் எவனும் தன் ஊரைச் சுற்றிப் பார்க்க மாட்டான். இது அம்மா கண்டுபிடித்த விதி. நாலு வருஷமாக இந்த விதியை நம்பித்தான் நானும் அவளும் மாதம் ஒரு நாள், பக்கவாட்டில் 'ஒரே நாளில் சென்னை' என்று எழுதியிருக்கும் இந்தப் பஸ்ஸில் ஏறுகிறோம். ஜன்னலோரச் சீட் பதின்மூன்று எனக்கு, பக்கத்துப் பதினாலு அவளுக்கு. அப்பாவோ அண்ணனோ பெரம்பூர் அத்தைகளோ கலங்கரை விளக்கத்தைக் காட்டச் சொல்லி டிக்கெட் எடுக்கப்போவதில்லை. வீட்டை விட்டுப் போய், கூட்டுறவுப் பண்டகசாலையில் கூட வேலை பார்த்த செபஸ்தியானோடு செங்கல்பட்டில் குடித்தனம் நடத்தும் ஒருத்தி, தன் மகளோடு உட்கார்ந்து வேர்க்கடலை தின்ன இந்த ஊரில் இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. நான் வாலாஜா ரோட்டில் எட்டரைக்கு ஏறுவேன். அவள் செங்கல்பட்டு ரயிலில் எழும்பூரில் இறங்கி, நடந்தே வந்து மியூசியம் வாசலில் நிற்பாள். பஸ்ஸின் முதல் நிறுத்தம் மியூசியம். ஒன்பதரைக்குக் கேட் திறக்கும்போது நாங்கள் போய்ச் சேருவோம், அவள் அதற்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருப்பாள். ஒரு தடவைகூட அவள் எனக்குப் பின்னால் வந்ததில்லை. அதனால் பதினாலாம் நம்பர் காலியாகக் கிளம்புவதில் எனக்கு எந்தப் பதற்றமும் இல்லை, காலையில் இருந்தது வேறு பதற்றம், அவள் வருவாளா என்பது. பஸ் கடற்கரைச் சாலையில் திரும்பியபோதுதான் கைடு தணிகாசலம் மைக்கைத் தட்டிவிட்டு, "எல்லாருக்கும் வணக்கம், இன்னிக்கு வெள்ளிக்கிழமை, மியூசியத்துக்கு வார விடுமுறை, அதனால நேரா மயிலாப்பூர் போயிடறோம், கபாலீஸ்வரரை நிதானமா தரிசனம் பண்ணலாம்" என்றார். நிதானமாக. அந்த வார்த்தையைத்தான் நான் முதலில் பிடித்துக்கொண்டேன். கோபப்பட ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. பிறகுதான் மற்ற வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. வெள்ளிக்கிழமை. விடுமுறை. நேராக.

வெள்ளிக்கிழமை என்று சொன்னது நான். சனிக்கிழமைகளில் இனிமேல் துறையில் கருத்தரங்கு, மாற்ற முடியாது, அடுத்த மாதத்தின் முதல் வெள்ளி என்று போன மாதம் மியூசியம் வாசலில் பஸ் ஏறும்போதே சொன்னேன். அம்மா சரி என்றாள். வரலாற்றுத் துறையில் ஆராய்ச்சி செய்கிறவள், அந்த மியூசியத்தின் வெண்கலச் சிலைகளைப் பற்றியே நூற்றி இருபது பக்கம் எழுதி வைத்திருப்பவள், அது எந்தக் கிழமை மூடும் என்று தெரியாமல் நாள் குறித்திருக்கிறேன். தெரியாமல் இல்லை. தெரியும். மியூசியத்துக்குப் போகும் நாள் என்று நினைத்திருந்தால் ஞாபகம் வந்திருக்கும், நான் அம்மாவைப் பார்க்கும் நாள் என்று நினைத்துவிட்டேன். இப்போது இறங்கினால்? உழைப்பாளர் சிலையைத் தாண்டிவிட்டது, பரவாயில்லை, இறங்கி ஆட்டோ பிடித்தால் இருபது நிமிஷம். ஆனால் இறங்கிப் போய் அங்கே அவள் இல்லை என்றால். பஸ்ஸில் இருந்தால் அவள் வந்தாளா வரவில்லையா என்பது தெரியாது, தெரியாத வரைக்கும் அது இரண்டாகவும் இருக்கும், நான் அவள்மேல் கோபமாகவும் இருக்கலாம், பாவமும் படலாம். போய்ப் பார்த்தால் ஒன்றுதான் மிஞ்சும். ஏனென்றால் போன மாதம் நாள் குறித்தது காலையில். அதற்குப் பிறகு மத்தியானம் நான் சொன்னது வேறு. "ஏ பாப்பா, இந்தச் சீட்டுக்கு ஆளிருக்கா?" பின் வரிசையிலிருந்து கோவில்பட்டி அக்கா ஒருத்தி எழுந்து வந்து நின்றாள். புருஷன் தூங்கி அவள் தோளில் எச்சில் வடிக்கிறாராம், காத்தோட்டமாக உட்கார வேண்டுமாம். நான் என் பையை எடுத்துப் பதினாலில் வைத்தேன். "ஆள் வருது." "எங்கிட்டு இருந்து வருது? பஸ்ஸுதான் கெளம்பிட்டுல்லா." "வழியில ஏறுவாங்க." அவள் என்னையும் பையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்னத்த வழியோ" என்று போனாள். போன் செய்யலாமே என்று யாரும் கேட்பார்கள். ஒரு காலத்தில் செய்தேன். அண்ணன் என் போனில் அந்த எண்ணைப் பார்த்தான், அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் காலையில் அவர் தலையில் கை வைத்து இனி அவளோடு போனில் பேச மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். சத்தியத்தில் நம்பிக்கை இல்லாதவள் செய்த சத்தியம். அடுத்த வாரமே அதில் ஓட்டை கண்டுபிடித்துவிட்டேன். போனில் பேச மாட்டேன் என்றுதானே சொன்னேன், பஸ்ஸில் பேச மாட்டேன் என்று சொன்னேனா? அம்மா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு. "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்டி தாட்சா."

மயிலாப்பூரில் தணிகாசலம் இருபது நிமிஷம் கொடுத்தார். கடவுளுக்கு இருபது நிமிஷம், செருப்பு விட ஐந்து, பிரகாரம் சுற்ற எட்டு, போட்டோவுக்கு நாலு, மிச்சத்தில் நம் குறைகளைச் சொல்லிக்கொள்ளலாம். இதைப் பற்றி நான் ஒரு தடவை அவரிடமே சண்டை போட்டிருக்கிறேன், எந்தக் கோயிலையும் இருபது நிமிஷத்தில் காட்டுவது அந்தக் கோயிலை மறைப்பது என்று. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், பன்னிரண்டு மணிக்கு நடை சாத்திருவாங்க, அப்புறம் நீங்க சொல்ற மாதிரி முழுசாவே மறைஞ்சிரும்" என்றார். அம்மா அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் உள்ளே போகவில்லை. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே செருப்பு விடும் இடத்தில் நின்றேன். கல் அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது, பூக்கடையில் தண்ணீர் தெளிக்கிற வாசனை, யாரோ தேங்காய் உடைக்கிற சத்தம். இதே இடத்தில் ஏழு வயதில் நின்றிருக்கிறேன். அறுபத்துமூவர் திருவிழா. கூட்டத்தில் அம்மாவின் கையில் இருந்து என் கை உருவிக்கொண்டது. நான் அழவில்லை, ஏனென்றால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே சொல்லியிருந்தாள், தொலைஞ்சு போனா தேடிட்டு ஓடக் கூடாது, நின்ன எடத்துலயே நில்லு, நீயும் தேடி நானும் தேடினா ரெண்டு பேரும் சேரவே மாட்டோம். நின்றேன். பல்லக்கு பல்லக்காகச் சாமிகள் போய்க்கொண்டே இருந்தார்கள், யார் யாரோ நீர்மோர் கொடுத்தார்கள், ஒரு போலீஸ்காரர் கூப்பிட்டார், வர மாட்டேன் என்றேன், என்னம்மா அடம் என்றார், அம்மா இங்கேதான் வருவாள் என்று வாதாடினேன். என் முதல் வாதம். ஜெயித்தேன். அம்மா வந்தபோது அவள் புடவையின் ஒரு பக்கம் கிழிந்திருந்தது, காலில் ஒரு செருப்புதான் இருந்தது, என்னை அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன், அவள் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு நீர்மோர் கொடுத்தவளைப் பார்த்து, ரொம்ப நன்றிங்க, ரொம்ப நன்றிங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இதைத்தான் நான் போன மாதம் அவளுக்கு எதிராகப் பயன்படுத்தினேன். தொலைந்தவள் நிற்க வேண்டும், நீ தேடி வர வேண்டும், அதுதானே நீ சொல்லிக்கொடுத்த சட்டம், நான் பெரம்பூரில் அதே வீட்டில் அதே ஜன்னல் பக்கத்தில்தான் நிற்கிறேன், நீ வந்தாயா? நல்ல வாதம். ஓட்டையே இல்லை என்று நினைத்தேன். தணிகாசலம் வந்து தலைகளை எண்ண ஆரம்பித்தார்.

சாந்தோமில் இறங்கும்போது அவர் என் பக்கத்தில் குனிந்து, "என்ன மேடம், அம்மா இன்னிக்கு வரலையா? வெள்ளிக்கிழமைன்னு புக் பண்ணும்போதே நெனச்சேன். எப்பவும் மியூசியம் வாசல்லதானே ஏறுவாங்க. சரி, நீங்க சொல்லியிருப்பீங்கன்னு விட்டுட்டேன்" என்றார். "சொல்லிட்டேன்" என்றேன். பொய் சொல்வதற்குச் சத்தியத்தைப் போல யார் தலையும் தேவைப்படவில்லை. தேவாலயம் வெள்ளையாக நின்றது, வெயிலில் கண் கூசியது. உள்ளே மின்விசிறிகள் நீளமான கம்பிகளில் தொங்கிச் சுற்றிக்கொண்டிருந்தன. கோவில்பட்டி அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு புருஷனையும் மண்டியிட வைத்துக்கொண்டிருந்தாள். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு, "எந்தச் சாமியா இருந்தாலும் ஒக்காந்து கும்பிடுத மாதிரி வச்சிருக்கக் கூடாதா" என்றார். "வாய மூடும், கேக்கப் போகுது" என்றாள் அவள். கடைசி வரிசை, இடது பக்கம். அம்மா எப்போதும் அங்கேதான். போன மாதம் அங்கே மண்டியிட்டு ரொம்ப நேரம் இருந்தாள், நெற்றியில் கபாலி கோயில் குங்குமம் அப்படியே இருந்தது, அதை அழிக்கவும் இல்லை, அதைப் பற்றி அங்கே யாரும் எதுவும் சொல்லவும் இல்லை. சொல்வதற்கு நான் இருந்தேன். வெளியே வந்ததும் கேட்டேன், யாருக்காக இவ்வளவு நேரம்? "உனக்குத்தான்." எனக்கு யாரும் வேண்டிக்க வேண்டாம். கூட இருந்திருந்தா போதும். இதை நான் கத்திச் சொல்லவில்லை, கத்தாமல் சொன்னேன், அதுதான் மோசம். சட்டம், தொலைந்தவள், ஜன்னல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அந்த வாக்கியத்தை ஒரு மாதமாக நான் நினைக்கவில்லை. அதற்குப் பதில் நான் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், அப்படின்னா இனிமே நீ வரவே வராத. சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறாமல் கடற்கரைப் பக்கம் நடந்து போய்விட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை என்பதை ஒரு வாரம் பெருமையாக வைத்திருந்தேன். இரண்டாம் வாரத்திலிருந்து திரும்பிப் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று யோசிக்கிறேன். அந்த நாள் பதினாலில் அவள் உட்கார்ந்து, பதின்மூன்று காலியாக, மீதி ஊரையும் சுற்றிப் பார்த்திருப்பாளா? தணிகாசலம் கலங்கரை விளக்கத்தைக் காட்டும்போது பார்த்திருப்பாளா? போனை எடுத்தேன். எண் மனப்பாடம். பத்து இலக்கத்தையும் அழுத்திவிட்டு, பச்சைப் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு, அப்பாவின் தலையை நினைத்துக்கொண்டேன். எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. பொய், அப்பாவின் தலை ஒரு சாக்கு. அவள் எடுத்து, பின்னால் குக்கர் சத்தம் கேட்க, நீதான் வர வேண்டாம்னு சொல்லிட்டியே தாட்சா, வீட்லதான் இருக்கேன் என்று சொல்லிவிட்டால்? கோபமாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை, சாதாரணமாகச் சொன்னால்? இலக்கங்களைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழித்தேன்.

பெசன்ட் நகரில் வேளாங்கண்ணி மாதா பதினைந்து நிமிஷம், அஷ்டலட்சுமி இருபது, எட்டு லட்சுமிக்கும் தலைக்கு இரண்டரை நிமிஷம். நான் இறங்கவே இல்லை. ஜன்னல் கண்ணாடி சூடாக இருந்தது, நெற்றியை வைத்துக்கொண்டேன். இந்நேரம் அவளோடு என்றால் மியூசியம் முடிந்து இரண்டு சண்டையும் முடிந்திருக்கும். அம்மா அதை மியூசியம் என்று சொல்ல மாட்டாள், செத்த காலேஜ் என்பாள், பழைய மெட்ராஸ்காரர்கள் மாதிரி. செத்த காலேஜ்ல என்னடி அப்படி ஆராய்ச்சி? வெண்கலக் கூடத்துக்குள் போனால் மட்டும் பேச்சு நின்றுவிடும். முதல் தடவையே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டாள். காவலாளி, "அம்மா, செருப்பப் போட்டுக்கங்க, இது கோயில் இல்ல" என்றார். "உள்ள நடராஜர் இருக்காரே." "அது சிலைம்மா. பூஜையெல்லாம் கெடையாது." "நீங்க பூஜை பண்ணலைன்னா அவர் போயிடுவாரா?" அவர் என் பக்கம் திரும்பினார். எனக்குப் பதில் தெரியும், சொன்னேன், அம்மா, ஒரு பொருளுக்கு அர்த்தம் அதை வைக்கிற இடத்தால் வருது, கருவறையிலிருந்து எடுத்துக் கண்ணாடிக்குள்ள வச்சா அது கலைப்பொருள், இதுதான் என் ஆய்வே. அவள் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டே, "அப்ப எடம் மாறிட்டா அது அது இல்லையா" என்றாள். கேள்வி மாதிரிகூடக் கேட்கவில்லை. இல்லை என்றேன். நூற்றி இருபது பக்கமும் இல்லை என்றுதான் சொல்கிறது. அப்பா வீட்டில் இதைவிடச் சுருக்கமாகச் சொல்கிறார், வாசப்படி தாண்டினவ உனக்கு அம்மா இல்ல. அப்பாவோடு எல்லாவற்றுக்கும் சண்டை போடுகிறவள் நான், ஓட்டு, சாதி, என் துப்பட்டா. இந்த ஒன்றில் மட்டும் அவர் வீட்டில் சொன்னதை அடிக்குறிப்புகளோடு எழுதி வைத்திருக்கிறேன் என்று இத்தனை நாள் தோன்றவே இல்லை. பஸ் கிளம்பியது. அக்கா கையில் மாதா கோயில் எண்ணெய்ப் பாட்டிலோடு பதினாலுக்குப் பக்கத்தில் நின்றாள். "இன்னும் ஏறலியா ஒன் ஆளு?" "வருவாங்க." "கடேசி ஸ்டாப்பே வந்துரும் போல. ஒக்காந்துட்டு அவுக வந்ததும் எந்திச்சிருதேன், என்ன?" "இல்லக்கா. ஆள் வருது." இரண்டாம் தடவை சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்டது. அவள் என் தலையில் ஒருமுறை கை வைத்துவிட்டுப் போனாள், எண்ணெய் பட்டிருக்கும். தலையில் ஒரு கை பட்டதும் அந்த வாக்கியம் வந்துவிட்டது. சாந்தோமில் அம்மா சொன்ன ஒரே வாக்கியம். "கேட்டேனேடி, நீதான் கெமிஸ்ட்ரி பரீட்சைன்னே." பிளஸ் டூ, மார்ச் மாதம், காலை ஏழு மணி. அவள் எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் மடியில் புத்தகத்தை வைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பின்னல் பாதியில் நின்றது. "தாட்சா, என்கூட வந்துடறியா?" எங்கே என்று நான் கேட்கவில்லை. எங்கே என்று கேட்காததுதான் எனக்குத் தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி. வீட்டில் ஆறு மாதமாகச் சுவர்களுக்குக்கூடத் தெரிந்திருந்தது. நான் பக்கத்தைத் திருப்பி, "அம்மா, இன்னிக்கு கெமிஸ்ட்ரி" என்றேன். அவள், சரி என்று சொல்லி மிச்சத்தையும் பின்னி, ரிப்பனைக் கட்டி, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். சாயந்திரம் வந்தபோது இல்லை. நான் அந்தப் பின்னலை மூன்று நாள் அவிழ்க்கவில்லை. இதை என் வாதத்தில் எங்கேயும் சேர்க்கவில்லை. ஒருமுறைகூட. வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டும்தான்.

மவுண்ட் ரோட்டில் பஸ் நின்றது. முதலில் சிக்னல் என்று நினைத்தோம். பத்து நிமிஷம் ஆனதும் தணிகாசலம் மைக்கை எடுத்து, "ஆயிரம் விளக்கு மசூதி, நல்லா பாருங்க, போட்டோ எடுத்துக்கங்க. இன்னிக்கு வெள்ளிக்கிழமை தொழுகை, அதான் கூட்டம். இறங்குறது நம்ம ப்ரோக்ராம்ல இல்ல, ஆனா கூடுதல் நேரம் தர்றாங்க, காசு கெடையாது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் தொப்பிகள் அவசரமாக நடந்துகொண்டிருந்தன, ஒருவர் ஸ்கூட்டரைப் பிளாட்பாரத்தில் ஏற்றி நிறுத்திவிட்டு, சட்டைக் கையை இறக்கிக்கொண்டே ஓடினார். வெள்ளிக்கிழமை. ஒரு வெள்ளிக்கிழமை அங்கே ஒரு கேட்டைப் பூட்டுகிறது, இங்கே ஒரு சாலையை நிறுத்துகிறது, எனக்குத்தான் அது காலண்டரில் ஒரு கட்டமாக மட்டும் இருந்திருக்கிறது. பன்னிரண்டு ஐம்பது. இங்கிருந்து மியூசியம் கிரீம்ஸ் ரோடு வழியாக எவ்வளவு தூரம், இரண்டு கிலோமீட்டர் இருக்குமா? காலை முழுவதும் நான் அதைச் சுற்றிச் சுற்றி, தெற்கே போய், கடலைத் தொட்டு, இப்போது அதன் பக்கத்தில் வந்து நிற்கிறேன். வந்திருந்தாலும் மூன்றரை மணி நேரம் யார் நிற்பார்கள். கேட் பூட்டியிருப்பதைப் பார்த்ததும் புரிந்திருக்கும். போயிருப்பாள். போயிருக்க வேண்டும், அதுதான் நியாயம். அப்புறம் நினைத்தேன், நாலு வருஷம், மாதத்துக்கு ஒரு தடவை, மழையில், மே மாதத்தில், ஒருமுறை காய்ச்சலோடு, ஒவ்வொரு தடவையும் பஸ் திரும்பும்போது அதே கேட்டுக்கு இடது பக்கம், அதே வேப்ப மரத்துக்குக் கீழே, எனக்கு முன்னால் வந்து, நின்ற இடத்தில் நின்றுகொண்டு. அப்படி நிற்பது யார்? தேடி வருகிறவர்களா அப்படி நிற்பார்கள்? நான் பையை எடுத்தபோது பதினாலாம் நம்பர் உறையில் பையின் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. "மேடம், இங்க எறங்கக் கூடாது" என்றார் தணிகாசலம். "ஆள எண்ணிக்கிட்டு வந்திருக்கேன், ஒண்ணு கொறையும்." "குறையட்டும் சார். ரெண்டு சீட்டு காலி, அந்த அக்காவ உக்காரச் சொல்லுங்க." கதவைத் திறந்துவிட்டார். கிரீம்ஸ் ரோடு முனையில் ஒரு ஆட்டோ கிடைத்தது. "மியூசியம்." "இன்னிக்கு லீவும்மா." "தெரியும்." "லீவுன்னு தெரிஞ்சே போறியா?" "ஆமாண்ணா." அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், மீட்டரைப் போடாமல் வண்டியை எடுத்தார், அதற்கு நான் சண்டை போடவில்லை. ஆஸ்பத்திரி வாசல்களில் ஆட்கள் நிழலுக்கு ஒதுங்கி நின்றார்கள், சாலை தார் இளகின வாசனை, ஒவ்வொரு வேப்ப மரமும் அந்த வேப்ப மரமாக இருந்து இல்லாமல் போனது. இல்லை என்றால் அந்த இடத்தில் நானே நிற்பேன் என்று முடிவு செய்தேன், நாலு வருஷத்துக்கும் சேர்த்து. அந்த முடிவு கொஞ்சம் நாடகமாக இருக்கிறது என்று உடனே தோன்றியது, அதோடும் ஒரு சண்டை ஆரம்பித்தது, அதற்குள் ஆட்டோ பாந்தியன் ரோட்டில் திரும்பிவிட்டது. கேட் பூட்டியிருந்தது. சிவப்புச் சுவருக்குக் கீழே நடைபாதைத் திண்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். குடையை விரித்துத் தோளில் சாய்த்திருந்தாள், நிழல் நகர்ந்து போயிருந்தது, அவள் அதோடு நகரவில்லை. முகம் அந்தப் பக்கம் இருந்தது, பஸ் வரும் பக்கம். நான் வந்தது இந்தப் பக்கம், அதனால் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் திண்டின் மேல், ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்கு, அவளுடைய பை. ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் வைத்திருந்த ஒருவர் வேர்த்துப்போய் வந்து, கொஞ்சம் நகத்திக்கிறீங்களாம்மா, உக்காரணும் என்றார். அம்மா பையின் மேல் கையை வைத்தாள். குடையை மடக்கி அவரிடம் நீட்டி, அந்தப் பக்கம் இடத்தைக் காட்டி, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். "இங்க வேணாங்க. ஆள் வருது."